மரை கழன்றதாம்!

தெருமுனைக் கூட்டம். நான்கு பக்கமும் கொடி, இரண்டு குழல்விளக்கு, ஓர் ஒலிபெருக்கி. முதல் ஷிப்டு முடிந்து, சோப்புப் போட்டுக் கழுவியும் எண்ணெய்க் கறை போகாத கைகளோடு, அம்பத்தூர்த் தொழிற்பேட்டைத் தோழர்கள் முன்வரிசையில். பேசியவர்கள் நாம்.

மாற்றுக் கட்சி நண்பர் ஒருவர் முதல் நாள் சொன்னதை மறுநாள் மறுத்திருந்தார். சொன்னதையும் படித்துக் காட்டினோம்; மறுத்ததையும் படித்துக் காட்டினோம். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். வாதம் வென்றுவிட்டது, வாய் நிற்கவில்லை. "நண்பருக்கு மரை கழன்றுவிட்டது! யாராவது கீழ்ப்பாக்கத்தில் ஒரு கட்டிலுக்குச் சொல்லி வையுங்கள்!" என்றோம்.

எழுந்ததே ஒரு கைதட்டல்! அன்று இரவு நாம் பேசிய புள்ளிவிவரத்துக்குக் கிடைக்காத கைதட்டல், பொருளாதாரத்துக்குக் கிடைக்காத கைதட்டல், அந்த ஒரு வரிக்குக் கிடைத்தது. மகிழ்ந்தோம். மறைப்பானேன், மனம் குளிர்ந்தோம்.

மாதங்கள் பல ஓடின. ஒரு மாலை, அலுவலகத்துக்கு ஒரு தோழர் வந்தார். லேத்துப் பட்டறைத் தொழிலாளி. பன்னிரண்டு ஆண்டாகக் கழகத்தில் இருப்பவர். சுவரொட்டி ஒட்டப் பசை வாளியோடு முதலில் புறப்படுபவர், கூட்டம் கலைந்த பிறகு நாற்காலி எண்ணிக் கொடுத்துவிட்டுக் கடைசியில் வீடு திரும்புபவர். பல நாளாக அவரைக் காணவில்லையே என்று நாம் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. அவரே சொன்னார்.

அந்தக் கூட்டத்துக்கு மூன்று மாதம் முன்பிருந்தே அவருக்கு உறக்கம் இல்லை. உணவு இறங்கவில்லை. லேத்தின் முன் நின்றால், அளவு பார்த்த கை அப்படியே நின்றுவிடும். காரணமில்லாமல் கண்ணீர் வரும். அரசு மருத்துவமனைக்குப் போயிருக்கிறார். பொது மருத்துவர் பார்த்துவிட்டு, மனநலப் பிரிவுக்குப் போகும்படி சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். மறுநாள் காலை அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டுப் போவதாக முடிவு. அந்தச் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் முன்வரிசையில் உட்கார்ந்து நம் பேச்சைக் கேட்டிருக்கிறார்!

மறுநாள் போகவில்லை. சீட்டு, பட்டறையில் கருவிப் பெட்டியின் அடியில், பழைய துணிக்குக் கீழே போயிற்று. ஐந்து மாதம் அங்கேயே கிடந்தது. ஒரு விடியற்காலை அவர் உயிரையே விடத் துணிந்தார். மனைவி கண்விழித்துக்கொண்டார், அக்கம்பக்கத்தார் ஓடி வந்தார்கள், பிழைத்தார். பிழைத்த பிறகு சிகிச்சை. சிகிச்சைக்குப் பிறகு உறக்கம். உறக்கத்துக்குப் பிறகு மீண்டும் லேத்து.

நம்மை அவர் குற்றம் சாட்டவில்லை. ஒன்றே ஒன்று சொன்னார்:

"அன்னைக்கு நீங்க அப்படிச் சொன்னப்போ நானும் கை தட்டினேன் அண்ணே. பக்கத்துல இருக்கிறவனுக்கு என் மேல சந்தேகம் வந்துடக் கூடாதுன்னு, எல்லாரையும் விடச் சத்தமாத் தட்டினேன்."

தோழர்களே! எத்தனையோ வசவுகளை வாங்கியிருக்கிறோம். கல் விழுந்த மேடையிலும் பேசியிருக்கிறோம். எதுவும் நம்மை இப்படித் தலை குனிய வைத்ததில்லை.

"வாய்ப் பேச்சுத்தானே, வெறும் வார்த்தைதானே" என்பார் சிலர். யார் வேண்டுமானாலும் அப்படிச் சொல்லலாம், நாம் சொல்லலாமா? நரைத்த தலைக்காரரைப் பண்ணை வீட்டுப் பொடியன் "டேய்" என்று கூப்பிட்டபோது, அது வெறும் வார்த்தை என்று வாளாவிருந்தோமா? பிறந்த சாதியின் பெயரையே வசையாக்கி வீசியபோது, காற்றில் போகும் சொல் என்று கண்டுகொள்ளாமல் இருந்தோமா? சொல் சவுக்காகும் என்று ஊர் ஊராகப் போய்ச் சொன்னவர்கள் நாம். அதே சவுக்கை, தெரியாமல்கூட அல்ல, கைதட்டலுக்காக எடுத்துச் சுழற்றியிருக்கிறோம். அது பாய்ந்தது மாற்றுக் கட்சி நண்பர் மீதா? அவர் அன்று இரவு நன்றாகத் தூங்கியிருப்பார். அடி விழுந்தது முன்வரிசையில் இருந்த நம் தோழர் முதுகில்!

'பைத்தியம்' என்கிறோமே, அந்தச் சொல்லின் கதை என்ன? பித்தம் மிகுந்தால் புத்தி தடுமாறும் என்று நம்பியது பழைய வைத்தியம். பித்தத்திலிருந்து பித்து, பித்திலிருந்து பித்தன், அந்த வழியில் வந்ததே பைத்தியமும். ஆக, அது வசையாகப் பிறக்கவில்லை. நோயின் பெயராகப் பிறந்தது. காமாலை என்பதுபோல, சளி என்பதுபோல. காமாலைக்காரனைக் கண்டு யாரும் கைகொட்டிச் சிரிப்பதில்லை. பித்துக்கு மட்டும் ஏன் இந்தப் பேறு? அதிலும் ஒரு விந்தை பாருங்கள்: ஆலயத்துக்குள் ஆண்டவனுக்குப் பித்தன் என்று பெயர் சூட்டிப் பரவசப்படுவார்கள், அதே சொல்லை வாசலில் நிற்கும் ஏழையை நோக்கி வீசி விரட்டுவார்கள்!

ஆங்கிலம் மட்டும் என்ன வாழ்ந்தது? வெள்ளையர் ஆட்சி 1912-இல் கொண்டுவந்த சட்டத்துக்கு 'இந்திய லூனசி சட்டம்' என்று பெயர். லூனா என்றால் இலத்தீனில் நிலா. நிலவின் ஆட்டத்தால் மனிதன் அறிவு மாறும் என்ற மூடநம்பிக்கை பெற்ற பிள்ளை அந்தச் சொல். அதைச் சட்டப் புத்தகத்தின் தலையில் சூட்டி, விடுதலை பெற்ற பிறகும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் சுமந்துகொண்டிருந்தது இந்த நாடு. 1987-இல் இயற்றிய மனநலச் சட்டம் 1993-இல் நடைமுறைக்கு வந்தபோதுதான் அந்த நிலாவுக்கு விடை கொடுத்தார்கள்.

கீழ்ப்பாக்கத்துக்கு வருவோம். நாம் கேலி செய்த இடமல்லவா? 1794-இல், கம்பெனி ஆட்சியில், சென்னையில் மனநோயாளருக்கென்று ஓர் இல்லம் தோன்றியது. 1871-இல் அது கீழ்ப்பாக்கத்துக்கு வந்தது. 'லூனட்டிக் அசைலம்' என்றிருந்த பெயர், 1920-களில் 'மெண்டல் ஹாஸ்பிடல்' ஆயிற்று. கண்ணியமான பெயராக இருக்கட்டும் என்றுதான் மாற்றினார்கள். தெரு என்ன செய்தது? அந்தப் பெயரில் பாதியை வெட்டி எடுத்து, 'மெண்டல்' என்று புதிய வசை செய்துகொண்டது! பின்னர் அது 'இன்ஸ்டிடியூட் ஆஃப் மெண்டல் ஹெல்த்' ஆயிற்று. 'கீழ்ப்பாக்கம் கேஸ்' மட்டும் போகவில்லை.

நம் ஊரோடு நின்றதா இது? கோழிக்கோட்டில் குதிரவட்டம். கொழும்புக்குப் பக்கத்தில் அங்கொடை. மலேசியாவில் தஞ்சோங் ரம்புத்தான். அங்கே 1911-இல் திறந்த மருத்துவமனைக்கு இன்று 'பகாகியா' என்று பெயர். மலாய் மொழியில் மகிழ்ச்சி என்று பொருள். எனினும் "தஞ்சோங் ரம்புத்தானுக்குப் போ" என்பதே அங்கு வசை. அங்குள்ள தமிழரும் அதை அறிவர். இலண்டனில் 1247-இல் ஒரு மடமாகத் தோன்றிப் பிறகு மனநோயாளர் இல்லமான பெத்லெமின் பெயர் மருவித்தான், 'பெட்லம்' என்று கூச்சல் குழப்பத்துக்கு ஆங்கிலச் சொல்லாயிற்று. எங்கெங்கு நோயாளிக்கு ஒரு கட்டில் போட்டார்களோ, அங்கெல்லாம் அந்த ஊரின் பெயரைக் கெடுத்து வைத்திருக்கிறது உலகம். நோயுற்றவன் போக வேண்டிய வாசலில், போகவிடாமல் ஒரு வசைச்சொல்லைக் காவலுக்கு நிறுத்தியிருக்கிறது!

காவல் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். ஒருவனுக்கு உறக்கம் கெடுகிறது. அவனுக்கு முதலில் வருவது மருத்துவர் நினைவல்ல. தான் பிறரைச் சொன்ன சொல்லின் நினைவு. "நானும் அந்த ஆளா?" என்று நடுங்குகிறான். மறைக்கிறான். மனைவிக்குத் தெரிகிறது, "தங்கைக்கு வரன் பார்க்கிற நேரம், வெளியே தெரிந்தால் என்னாவது" என்று அவளும் மறைக்கிறாள். போர்மேனுக்குத் தெரிந்தால் இயந்திரத்தில் நிற்கவிட மாட்டார் என்று பட்டறையில் மறைக்கிறான். கண் சரியில்லை என்று விடுப்புக் கேட்கலாம், கால் சுளுக்கு என்று கேட்கலாம். மனம் சரியில்லை என்று எந்தத் தொழிலாளி கேட்டிருக்கிறான்? மருத்துவமனைக்குப் பகலில் போனால் பார்ப்பார்கள். மந்திரவாதியிடம் இரவில் போகலாம். எனவே தாயத்து முந்துகிறது, மருந்து பிந்துகிறது. பேய் பிடித்தது என்றால் ஊர் இரக்கப்படுகிறது. நோய் பிடித்தது என்றால் ஊர் சிரிக்கிறது. பிறகு மூடநம்பிக்கை ஏன் வளராது?

கணக்கும் இருக்கிறது. 2015–16-இல் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் பன்னிரண்டு மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வில் தமிழ்நாடும் ஒன்று. வயது வந்தோரில் 100-க்கு 10 பேருக்கு மேல் ஏதேனும் ஒரு மனநலக் குறை இருப்பதாக அது கண்டது. அவர்களில் சிகிச்சை பெறாதவர், நோய்க்கு நோய் மாறுபட்டாலும், 100-க்கு 70 முதல் 92 பேர்வரை! சொல் ஒன்றே இதற்குக் காரணம் என்று நாம் சொல்லவில்லை. மருத்துவர் போதாது, கிராமத்திலிருந்து மருத்துவமனை தொலைவு, நாள்கூலிக்காரனுக்கு ஒரு நாள் போனால் ஒரு நாள் அடுப்பு அணையும். அவற்றைத் தீர்க்கப் பணம் வேண்டும், ஆள் வேண்டும், அரசு வேண்டும். நாவை அடக்க என்ன வேண்டும்? நாம் போதும்.

தொழிலாளத் தோழர்கள் இன்னொரு கணக்கையும் மனத்தில் கொள்ள வேண்டும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஏட்டின்படி, 2022-இல் இந்தியாவில் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டவர் 1,70,924 பேர். அவர்களில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் நாள்கூலித் தொழிலாளர். வறுமையும் கடனும் குடியும் நோயும் பின்னிய வலை அது. ஒரே காரணத்தில் அடக்க முடியாது. ஆனால் அந்த வலையில் சிக்கியவன் "எனக்கு முடியவில்லை" என்று வாய்திறந்து சொல்ல ஒரு தோழன் இருந்தானா என்று கேட்காமல் இருக்கவும் முடியாது. தப்பிப் பிழைத்தவனையும் 1860-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டம் குற்றவாளி என்றல்லவா அழைத்தது! 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம்தான், அப்படிப்பட்டவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கொள்ள வேண்டும், அவருக்கு வேண்டியது சிகிச்சை என்று சொன்னது.

ஏர்வாடியை மறந்துவிட்டோமா? 2001 ஆகஸ்டு 6. இராமநாதபுரம் மாவட்டம். கொட்டகையில் தீ. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். ஓடக் கால் இருந்தது. ஓட வழி இல்லை. மாண்டவர் 28 பேர். அவர்கள் செய்த குற்றம் என்ன? நோயுற்றது! 1952-இலேயே பிரான்சில் குளோர்புரோமசின் என்ற மருந்தை மனநோயாளருக்குக் கொடுத்துப் பயன் கண்டுவிட்டார்கள். மருந்து பிறந்து ஐம்பதாண்டு ஆகப்போகும் வேளையிலும் இங்கே இருந்தது சங்கிலி! அந்தச் சங்கிலியை அடித்தவன் கொல்லன். ஆனால், "இவன் மனிதனில்லை, பைத்தியம்" என்று முதல் வளையத்தைக் கோத்தது ஊர் வாய். 2017-ஆம் ஆண்டுச் சட்டம் எவரையும் சங்கிலியில் கட்டக் கூடாது என்று தடை விதித்திருக்கிறது. உடல் நோய்க்கு நிகராக மனநோய்க்கும் காப்பீடு வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. இரும்புச் சங்கிலிக்குச் சட்டம் வந்தது. வாய்ச் சங்கிலிக்கு எந்தச் சட்டம் வரும்?

"பெயரை மாற்றினால் நோய் போய்விடுமா?" என்று கேட்பார் கெட்டிக்காரர். போகாது. 'மெண்டல்' கதையை நாமே சொன்னோம். மனம் மாறாமல் பெயரை மட்டும் மாற்றினால், புதுப் பெயரும் பழைய வசையாகும். ஆனால் மருத்துவமும் மனமும் சேர்ந்து பெயரை மாற்றினால் என்ன நடக்கும்? ஜப்பானைப் பாருங்கள். ஆங்கிலத்தில் ஸ்கிசோஃப்ரினியா எனப்படும் நோய்க்கு அங்கே 'மனம் பிளந்த நோய்' என்று பெயர் இருந்தது. நோயாளிகளின் குடும்பத்தார் கூடிச் சங்கம் வைத்து, 1993-இல் மருத்துவர்களிடம் முறையிட்டார்கள்: இந்தப் பெயரை மாற்றுங்கள்! கேட்டவர் பேராசிரியரல்லர், பெற்றவரும் உடன்பிறந்தவருமே. 2002-இல் பெயர் மாறிற்று. 'ஒருங்கிணைவு குன்றிய நிலை' என்ற பொருள்படும் பெயர் வந்தது. விளைவு? அதுவரை நோயின் பெயரை நோயாளியிடம் சொல்லவே மருத்துவர்கள் தயங்கினார்கள். 100 பேரில் ஏறத்தாழ 37 பேருக்குத்தான் சொல்லப்பட்டது. பெயர் மாறிய மூன்றே ஆண்டில் அது 70 ஆயிற்று! நோய் அதேதான். ஆனால் மருத்துவர் வாய்திறந்து சொல்ல முடிந்தது. நோயாளி காதுகொடுத்துக் கேட்க முடிந்தது.

நாம் அந்த நோயைத் தமிழில் என்னவென்று அழைக்கிறோம்? 'மனச்சிதைவு'! சிதைந்த மனம் சேருமா என்ற அச்சத்தைப் பெயரிலேயே ஊட்டி வைத்திருக்கிறோம். மருந்து உண்டு, பயிற்சி உண்டு, வேலைக்குத் திரும்பியவர் பலர் உண்டு. தமிழுக்குச் சொல் பஞ்சமா? 2010-இல் 'ஊனமுற்றோர்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'மாற்றுத்திறனாளி' என்ற சொல்லை ஆட்சிமொழியில் வைத்தது தமிழ்நாடு. இன்று பேருந்து இருக்கையிலும் அதுதானே எழுதியிருக்கிறது? பழகவில்லையா நாம்? அறிஞர்களும் மருத்துவர்களும் குடும்பத்தாரும் கூடி உட்கார்ந்தால் இதற்கும் ஒரு நல்ல சொல் பிறக்கும்.

கீழ்ப்பாக்கத்தைக் கேலி செய்தோம். அந்த வாசலுக்குள் நடந்த தொண்டையும் சொல்ல நாம் கடமைப்பட்டிருக்கிறோம். 1961-இல் அந்த மருத்துவமனையின் தலைமைப் பொறுப்பை ஏற்றவர் ஒரு பெண், டாக்டர் சாரதா மேனன். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று போற்றப்படுபவர். 1978 வரை அங்கே உழைத்தார். ஓய்வு பெற்ற பின்னும் ஓயாமல், 1984-இல் சென்னையில் 'ஸ்கார்ஃப்' என்ற தொண்டு நிறுவனத்தைத் தொடங்கினார். மருந்தோடு நிறுத்தாமல், நோயிலிருந்து மீண்டவர் தொழில் செய்து வாழவும் வழிகாட்டியது அது. 2021-இல் மறைந்தார். நாம் மேடையில் எந்த வாசலைக் காட்டிச் சிரித்தோமோ, அந்த வாசலில் ஒரு பெண்மணி பதினேழு ஆண்டு நின்று மனிதரை மனிதராக மீட்டுக்கொண்டிருந்தார்!

'மரை கழன்றது' என்றோமே, பட்டறைத் தோழர்களைக் கேட்கிறோம். மரை கழன்றால் என்ன செய்வீர்கள்? ஸ்பேனரை எடுத்து முடுக்குவீர்கள். தேய்ந்திருந்தால் வேறு மரை போடுவீர்கள். இயந்திரத்தையே தூக்கிக் குப்பையில் எறிவீர்களா? சுற்றி நின்று கைகொட்டிச் சிரிப்பீர்களா? இரும்புக்கு நீங்கள் காட்டும் பொறுமையை, பக்கத்து இயந்திரத்தில் நிற்கும் மனிதனுக்குக் காட்டக் கூடாதா?

ஆகவே, நமக்கு நாமே விதித்துக்கொண்டதைச் சொல்கிறோம், ஏற்பவர் ஏற்க. மேடையில் மாற்றானின் வாதத்தை வாதத்தால் மடக்குவோம். அவன் மூளைக்கு நோய்ப் பெயர் சூட்டமாட்டோம். மடக்க வாதம் இல்லாதவனுக்குத்தான் வசை வேண்டும். சங்கத்தில், பட்டறையில், தேநீர்க் கடையில் 'லூசு', 'மெண்டல்' என்று ஒருவனைக் கூப்பிட்டால், சிரிக்கமாட்டோம். தோழன் ஒருவன் பேச்சுக் குறைந்து, வேலை தடுமாறி, கூட்டத்துக்கு வராமல் இருந்தால், "என்னப்பா ஒரு மாதிரி ஆயிட்டே" என்று கேட்கமாட்டோம், "தூக்கம் எப்படி? சாப்பாடு இறங்குதா? நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகலாம், நானும் வரேன்" என்போம். அந்த 'நானும் வரேன்' என்ற சொல்லுக்குப் பாதி மருந்தின் வலு உண்டு. நேரில் போகத் தயங்குபவர்க்குத் தொலைபேசி உண்டு. 14416 என்ற எண், 2022 முதல் இயங்கும் அரசின் மனநல உதவி எண். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். கிளைக் கழகத்துக் கரும்பலகையில், கூட்ட அறிவிப்புக்குக் கீழே, அந்த எண்ணையும் எழுதி வையுங்கள்.

நம் லேத்துப் பட்டறைத் தோழர் விடைபெறும்போது ஒரு கோரிக்கை வைத்தார். "என் பேரைச் சொல்லாதீங்க அண்ணே. ஆனா, அதே இடத்துல, அதே மைக்குல, நீங்க இதைச் சொல்லணும்" என்றார்.

சொன்னோம். அதே தெருமுனை, அதே குழல்விளக்கு, அதே முன்வரிசை. அன்று சொன்னது தவறு என்றோம். ஏன் தவறு என்று விளக்கினோம். கைதட்டல் எழவில்லை. கூட்டம் அமைதியாகக் கேட்டது. நம் தோழர் மூன்றாவது நாற்காலியில், கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கூட்டம் கலைந்த பிறகு, மேடைக்குப் பின்னால் இருட்டில் மூன்று பேர், ஒருவர் போன பின் ஒருவராக வந்தார்கள். மூவரும் கேட்டது ஒன்றேதான்: "அந்த நம்பரை இன்னொரு தடவை சொல்லுங்க."